வண்ணத்துப்பூச்சியும் வர்த்தகரும்

அமெரிக்காக் கண்டத்தின் வடபாகத்தில், கனடா தேசத்தின் தென்னெல்லையிலும் ஐக்கிய நாடுகளின் வடபகுதியிலும் கோடைகாலத்தைக் கழிக்கும் வண்ணத்துப்பூச்சி இனம் ஒன்று உண்டு. செம்மஞ்சள் நிறச் சிறகும், அதன்மேற் கருநரம்பும், ஓரத்தே வெண்புள்ளிகளும் உடையது அது. மோனார்க், அதாவது அரசன், என்று அந்நாட்டார் அதற்குப் பெயரிட்டனர். இலையுதிர் காலத்தின் முதற்குளிர் தோன்றியவுடனே இவ்வரசர் கூட்டம் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றது. ஒவ்வொன்றின் எடையும் ஏறத்தாழ அரைக் கிராம் அளவே. ஆயினும், 3,000 மைல் தூரம் வரை பறந்து, நவம்பர் மாதத் தொடக்கத்தில் மெக்ஸிகோ தேசத்தின் நடுவேயுள்ள மலைகளை அடைந்து, ஏறக்குறையப் பதினாயிரம் அடி உயரத்தில் வளரும் ஒயமெல் என்னும் ஊசியிலை மரங்களிற் கொத்துக் கொத்தாய்த் தொங்கிக் குளிர்காலத்தைக் கழிக்கின்றது. அவை தங்கிய கிளைகள் பாரத்தால் வளைகின்றன என்றால், அவற்றின் தொகை எத்தகையதென்று ஊகிக்கலாம். இதனினும் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. இவ்வாறு செல்லும் பூச்சி முன்னொருகால் அவ்விடத்தைக் கண்டதில்லை, அதன் தாயும் கண்டதில்லை, பாட்டியும் கண்டதில்லை. வசந்த காலத்தில் மெக்ஸிகோவினின்று புறப்பட்ட பூச்சியின் கொள்ளுப்பேரனோ அதற்கும் பிற்பட்ட சந்ததியோதான் அடுத்த இலையுதிர் காலத்தில் அதே மலைக்கு மீளுகின்றது.

நவம்பர் 2-ஆம் தேதி மரித்தோரை நினைக்கும் திருநாள். அந்நாளை ஒட்டியே இவை வந்து சேர்தலின், இறந்துபோன தம் முன்னோரின் ஆத்துமாக்களே இவ்வடிவில் வீடு திரும்புகின்றன என்று அம்மலைவாழ் ஜனங்கள் நெடுங்காலமாகக் கருதி வந்தனர். அவர்கள் அறிந்திருந்த இடத்தை விஞ்ஞான உலகம் அறிந்தது 1975-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திலேதான். டொராண்டோ சர்வகலாசாலையைச் சார்ந்த பிரெட் அர்கார்ட் என்பாரும் அவர்தம் மனைவியார் நோராவும், பூச்சிகளின் சிறகில் அடையாளச் சீட்டு ஒட்டிவிட்டு, அவை எங்கே போகின்றன என்று பல்லாண்டு தேடினர். அவர்களுக்குத் துணையாய் மெக்ஸிகோவில் அலைந்த கென் பிரக்கர், கத்தலீனா அகுவாதோ என்னும் இருவரும் அவ்வாண்டில் அம்மலையேறி அக்காட்சியைக் கண்டனர். 2008-ஆம் ஆண்டில் ஐக்கிய நாட்டு ஸ்தாபனத்தின் கல்வி, கலாசாரக் கழகமாகிய யுனெஸ்கோ அக்காட்டை உலகப் பொதுச் சொத்துக்களின் வரிசையிற் சேர்த்தது.

நிற்க. இத்துணைப் பெருமை வாய்ந்த யாத்திரை இப்பொழுது தேய்ந்து வருகின்றது. காட்டில் தங்கும் பூச்சிகளை ஒவ்வொன்றாய் எண்ணுதல் இயலாதாகையால், அவை போர்த்திருக்கும் மரங்களின் பரப்பை ஆண்டுதோறும் அளக்கின்றனர். 1996-97 குளிர்காலத்தில் அப்பரப்பு 18 ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்டிருந்தது. நம் கணக்கில் ஏறக்குறைய 45 ஏக்கர். 2013-14-இல் அது 0.67 ஹெக்டேராகச் சுருங்கிற்று. இரண்டு ஏக்கருக்கும் குறைவு. 2023-24-இல் 0.90 ஹெக்டேரும், 2024-25-இல் 1.79 ஹெக்டேரும் காணப்பட்டன. ஒரு பெரிய கண்டம் முழுவதிலும் பறந்து திரிந்த இனம், நம் கலாசாலையின் விளையாட்டு மைதானத்துள் அடங்கிவிடும் அளவுக்கு வந்துவிட்டதென்றால், அதைக் கேட்டு வாளா இருத்தல் தகுமா? 2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அழிவுக்குட்படும் ஆபத்துள்ள பிராணிகளின் சட்டப் பட்டியலில் இதனையும் சேர்த்தல் வேண்டுமென்று அமெரிக்க அரசாங்கத்தின் மீன், வனவிலங்கு இலாகா முன்மொழிந்தது.

இவ்விஷயத்தில் அரசாங்கத்தாரின் கடமையைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். வர்த்தகக் கம்பெனிகளின் கடமை யாது என்பதே இங்கு நாம் ஆராயப் புகுந்தது. நம் கருத்தை முன்னரே சொல்லிவிடுகின்றோம். கம்பெனிகள் இப்பூச்சிக்குக் கொடுக்க வேண்டுவது முதலாவது பணமன்று. தம் கையில் ஏற்கெனவே உள்ள நிலத்தின் ஓரங்களை விட்டுக்கொடுத்தலும், அவ்வோரங்களில் அரிவாளையும் விஷத்தையும் காலமறிந்து அடக்கிவைத்தலுமே அவை செய்யத்தக்க பேருதவியாம். அஃதெங்ஙனமென்பதைக் காண்போம்.

மோனார்க்குக்கு வீடு இரண்டு. குளிர்கால வீடு மெக்ஸிகோவின் மலைக்காடு. அங்கே மரச்செறிவு போர்வையாகவும் குடையாகவும் உதவுகின்றது. காட்டின் இடையே மரங்களை வெட்டித் திறப்பு உண்டாக்கினால், மழை உள்ளே இறங்கிப் பூச்சிகளை நனைக்கும். நனைந்த பூச்சி சிறுகுளிருக்கும் உறைந்து மாளும். 2002-ஆம் ஆண்டு ஜனவரியில் மழையும் அதனைத் தொடர்ந்து கடுங்குளிரும் வந்தபோது, அங்குத் தங்கியவற்றுட் பெரும்பகுதி ஒரே வீச்சில் மடிந்து தரையிற் குவிந்தது.

மற்றொரு வீடு, குஞ்சு பொரிக்கும் வீடு. தாய்ப்பூச்சி மில்க்வீட் எனப்படும் பாற்பூண்டின் மேலன்றி வேறெந்தச் செடியிலும் முட்டையிட்டுத் தன் சந்ததியை வளர்த்தல் இயலாது. பாற்பூண்டு வேறெதுவுமன்று, நம் எருக்கின் சுற்றத்தைச் சேர்ந்ததே. ஒடித்தால் வெண்பால் வடியும். அப்பாலில் நஞ்சு உண்டு. புழு அந்நஞ்சை உண்டு தன் உடலிற் சேர்த்து வைத்துக்கொள்வதனால், பறவைகள் அதனைத் தீண்ட அஞ்சுகின்றன. ஆகவே பாற்பூண்டு அப்புழுவுக்கு உணவும் கவசமும் ஆகின்றது. அஃது இல்லையேல் மோனார்க்கும் இல்லை.

பாற்பூண்டு முன்னாளில் எங்கு வளர்ந்தது? காட்டில் மாத்திரமன்று. மக்காச்சோளமும் சோயாமொச்சையும் விளையும் நடுமேற்குப் பிரதேசத்துப் பெருவயல்களில், பயிருக்கு இடையிலேயே அது களையாய் வளர்ந்து வந்தது. உழவன் எவ்வளவு பிடுங்கினும் வேரிலிருந்து மீண்டும் துளிர்த்தது. 1996-ஆம் ஆண்டில் கிளைபொசேட் என்னும் களைக்கொல்லிக்கு இறவாத சோயாமொச்சை விதையும், அதன்பின் 1998-இல் அத்தகைய மக்காச்சோள விதையும் விற்பனைக்கு வந்தன. அதுமுதல் பயிரின்மேல் மருந்தைத் தாராளமாய்த் தெளிக்கலாயினர். பயிர் பிழைத்தது, களை வேரோடு மாண்டது. ஜான் பிளசன்ட்ஸ், கேரன் ஓபர்ஹவுசர் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் கணக்கிட்டபடி, 1999 முதல் 2010 வரையுள்ள காலத்தில் நடுமேற்குப் பிரதேசத்தில் பாற்பூண்டு நூற்றுக்கு 58 பங்கு குறைந்தது. அங்குப் பிறக்கும் மோனார்க்குகள் நூற்றுக்கு 81 பங்கு குறைந்தன. வயலிற் பிறப்பவையே பெருந்தொகையினவாதலின் இவ்விரண்டாம் தொகை மிகுந்தது. இம்முடிவைப் பற்றி அறிஞர்க்குள் வாதம் உண்டு. வழியில் தேனுள்ள பூக்கள் அருகியதும், காலநிலை மாறியதும், காடு வெட்டுண்டதும் காரணங்களே என்று கூறுவர். ஆயினும் குஞ்சுகளின் வீடு குறைந்ததென்பதை மறுப்பார் அரியர்.

இங்கே ஒரு உண்மையை நோக்க வேண்டும். எவனும் இப்பூச்சியைப் பகைத்து இதனை அழிக்கவில்லை. விதை விற்றவன் விதை விற்றான். உழவன் விளைச்சலைப் பெருக்கினான். சாலையிட்டவன் அதன் இருமருங்கும் புல்லைச் சீராக வெட்டினான். மின்கம்பி இழுத்தவன் கம்பியின் கீழ் ஒன்றும் முளையாதபடி மருந்தடித்தான். ஒவ்வொருவனும் தன் தொழிலை ஒழுங்காகச் செய்தான். எல்லா ஒழுங்கும் ஒன்று சேர்ந்தபோது ஓரம் என்பதே உலகில் இல்லாது போயிற்று.

ஓரத்தின் மாட்சியை வேதம் வாசிக்கும் நாம் அறியாதவரல்லேம். வயலை அறுக்கும்போது அதன் ஓரத்தைத் தீர அறுக்கலாகாது, சிந்திய கதிரைப் பொறுக்கலாகாது, அவை எளியவனுக்கும் பரதேசிக்கும் உரியன என்று மோசேயின் பிரமாணம் விதித்தது. மோவாபிய ஸ்திரீயாகிய ரூத் பிழைத்தது அவ்விதியினாலன்றோ? போவாஸ் அவளுக்குப் புதியதொரு தர்மசாலை கட்டவில்லை. தன் வயலில் அவள் கதிர் பொறுக்க இடங்கொடுத்தான், தன் வேலைக்காரரை அவளுக்கு இடையூறு செய்யாதபடி அடக்கினான். வழிப்போக்காய் வரும் வண்ணத்துப்பூச்சி கம்பெனிகளிடத்துக் கேட்பதும் இவ்வளவே.

இனி, கம்பெனிகளின் வசம் ஓரநிலம் எவ்வளவு உண்டு என்று நோக்குவோம். மின்சாரக் கம்பெனிகளின் உயர்கம்பிகளின் கீழே, எண்ணெய்க் குழாய்களின் மேலே, இருப்புப்பாதையின் இருமருங்கிலே, பட்டடைகளையும் ஆலைகளையும் சுற்றிலும், நீண்ட கீற்றுக் கீற்றாய் நிலம் கிடக்கின்றது. ஐக்கிய நாடுகளில் இவ்வகை நிலத்தைச் சேர்த்துப் பார்ப்பின் பல லட்சம் ஏக்கர் ஆகும். மேலும் இந்நிலம் கண்டத்தின் குறுக்கும் நெடுக்குமாய்த் தொடர்ந்து ஓடுவது. யாத்திரை செய்யும் உயிருக்கு வேண்டுவதும் தொடர்ச்சியான வழியன்றோ?

மின்கம்பியின் கீழே நெட்டையாய் மரம் வளர்தல் ஆகாது. வளர்ந்தால் கம்பியைத் தொட்டு விபத்து நேரும். ஆனால் பாற்பூண்டும் தேன்பூச் செடிகளும் இடுப்பளவே வளர்வன. பூச்சிக்கு வேண்டியதும் கம்பெனிக்கு வேண்டியதும் ஈண்டு ஒன்றேயாகின்றன. இது வெறும் மனக்கணக்கன்று. 1953-ஆம் ஆண்டிலே பென்சில்வேனியா மாகாணத்தில், கம்பியின் கீழ்த் தெளிக்கும் மருந்தினால் வேட்டைப் பிராணிகளுக்குக் கேடுண்டென்று வேட்டைக்காரர் முறையிட்டபோது, பிராம்பிள், பர்ன்ஸ் என்னும் இரு பேராசிரியர் ஒரு மின்கம்பி வழியிலேயே ஆராய்ச்சி தொடங்கினர். அவ்வாராய்ச்சி அவர்கள் காலத்துக்குப் பின்னும் தொடர்ந்து நடைபெற்றது. அதனால் விளங்கியது யாதெனின், கண்மூடித்தனமாய் எங்கும் மருந்து தெளியாமல், நெட்டையாய் வளரும் மரக்கன்றுகளை மாத்திரம் தேர்ந்து நீக்கிப் புதரையும் பூண்டையும் விட்டுவைத்தால், அவையே அடர்ந்து மரக்கன்று மீண்டும் முளையாதபடி தடுக்கும் என்பது. வேலை குறையும், பிராணிகளும் பிழைக்கும்.

2020-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இவ்வழியில் ஒரு பெரிய அடி எடுத்து வைக்கப்பட்டது. சிகாகோ நகரத்து இல்லினாய்ஸ் சர்வகலாசாலையும் மேற்கூறிய மீன், வனவிலங்கு இலாகாவும் தம்முள் ஓர் உடன்படிக்கை செய்தன. அதில் மின்சாரம், எரிவாயு, இருப்புப்பாதை, சாலை முதலியவற்றை நடத்தும் ஸ்தாபனங்கள் தாமாக வந்து சேரலாம்; 45-க்கு மேற்பட்டவை முன்வரும் என்று அன்று அறிவிக்கப்பட்டது. சேர்ந்தவர், தம் நிலத்தில் குறித்த பங்கை மோனார்க்குக்கு ஏற்றவாறு ஆண்டுதோறும் பேணுதல் வேண்டும்; பேணியதைக் கணக்கும் காட்டுதல் வேண்டும். அதற்கு மாறாக, பின்னர் அப்பூச்சி சட்டப் பட்டியலிற் சேர்ந்தாலும், அந்நிலத்தின்மேல் புதுத் தடைகள் விதிப்பதில்லை என்று அரசாங்கம் உறுதி கூறுகின்றது. இதில் தர்மமும் உண்டு, சுயநலமும் உண்டு. சுயநலம் கலந்ததென்று இதனை இகழ்வார் சிலர். நாம் இகழோம். நல்லெண்ணத்தை மாத்திரம் நம்பிய ஏற்பாடு மானேஜர் மாறினால் மாறிவிடும். கணக்கும் கையெழுத்தும் உள்ள ஏற்பாடே நிலைக்கும்.

ஓரநிலம் உடைய கம்பெனி செய்ய வேண்டுவனவற்றைச் சுருங்கக் கூறுவோம். முதலாவது, புல் வெட்டும் காலத்தை மாற்றுதல். முட்டையும் புழுவும் செடியின்மேலிருக்கும் கோடைகாலத்தில் வெட்டாமல், பூச்சிகள் தெற்கே போனபின் ஆண்டுக்கு ஒருமுறையோ அதனினும் குறைவாகவோ வெட்டுதல் போதும். இதற்குப் பணம் வேண்டாம், கூலி மிச்சமாகும். இரண்டாவது, மருந்தைத் தேர்ந்த இடத்தில் மாத்திரம் இடுதல். மூன்றாவது, விதை தூவுவதாயின் அந்தந்த இடத்துக்கே உரிய செடியின் விதையைத் தூவுதல். நான்காவது, பூச்சிகளை எண்ண வரும் மாணவர்க்கும் ஆராய்ச்சியாளர்க்கும் வாயிலைத் திறத்தலும், எண்ணிக்கை குறைந்த ஆண்டிலும் அதனை மறையாது வெளியிடுதலும். இந்நான்கனுள் கடைசியானதே மிகக் கடினம். ஏனெனில், செலவைப் பொறுக்கும் கம்பெனிகள் பல. தம் குறையை அச்சிட்டுக் காட்டப் பொறுப்பவை சில.

செய்யலாகாதவையும் உண்டு. திருமணங்களிலும் விழாக்களிலும் பண்ணையில் வளர்த்த வண்ணத்துப்பூச்சிகளைப் பெட்டியிலிருந்து பறக்கவிடுதல் அந்நாட்டில் வழக்கமாயிற்று. கண்ணுக்கு இனிய காட்சியே. ஆயினும் நெருக்கி வளர்த்தவற்றினின்று நோய் காட்டுப்பூச்சிகளுக்குப் பரவும் என்று அறிஞர் எச்சரிக்கின்றனர். அவ்வாறே, வெப்பநாட்டுப் பாற்பூண்டைக் குளிர்காலத்திலும் பட்டுப்போகாத தென்மாகாணங்களில் நட்டால், யாத்திரை செல்ல வேண்டிய பூச்சி அங்கேயே தங்கிவிடுகின்றது. இலையிற் படிந்த ஒட்டுண்ணி நோயும் பெருகுகின்றது. அன்போடு செய்தாலும் அறியாது செய்தால் தீங்கே விளையும். ஆகையால் விழாவுக்குச் செலவிடுமுன் ஒரு பூச்சி நூலாரை அழைத்து வினவுதல் நன்று.

பணம் வேண்டவே வேண்டாமோ எனின், வேண்டும். அதற்குரிய இடத்தில் வேண்டும். களைக்கொல்லியும் அதற்கு இறவாத விதையும் விற்ற மான்சாந்தோ கம்பெனி 2015-ஆம் ஆண்டில் மோனார்க்கின் பாதுகாப்புக்காகச் சுமார் 40 லட்சம் டாலர் அளிப்பதாக அறிவித்தது. அதனை நாம் பழிக்கவில்லை. ஆயினும், விதை விற்பவர் தம் விதையை வாங்கும் உழவரிடத்து, வயலின் ஒரு சிறு ஓரத்தை மருந்தின்றி விடும்படி வற்புறுத்தி, அதற்கேற்ப விலையிற் கழிவும் கொடுப்பாராயின், அந்த உதவி நன்கொடையினும் பெரிதாகும் என்பது நம் துணிபு. ஒரு கையால் ஓரத்தை அழித்து மறு கையால் நன்கொடை நீட்டுதல் கணக்கு நேராகும் வழியன்று.

மெக்ஸிகோவின் காட்டுக்கோ பணமே உயிர்நாடி. 2000-ஆம் ஆண்டில் அக்காப்புக்காடு 56,259 ஹெக்டேராக விரிக்கப்பட்டது. அந்நிலம் கிராமச் சமுதாயங்களுக்குப் பெரிதும் உரியது. மரம் வெட்டிப் பிழைத்தவர்கள் அவர்கள். வெட்டாதே என்று சட்டம் சொல்லிவிட்டால் அடுப்பு எரியுமா? இதனை உணர்ந்து அதே ஆண்டில் மோனார்க் நிதி என்று ஒன்று ஏற்படுத்தி, வெட்டும் உரிமையைக் கைவிட்டுக் காட்டைக் காக்கும் கிராமத்தார்க்கு ஆண்டுதோறும் பணம் கொடுத்து வருவாராயினர். அந்நாட்டின் தந்தி, தொலைபேசிக் கம்பெனியாகிய டெல்மெக்ஸ்-டெல்செல் கூட்டத்தார் 2003-ஆம் ஆண்டு முதல் உலக வனவிலங்கு நிதியாருடன் சேர்ந்து, பூச்சிகளின் பரப்பை அளக்கும் வேலைக்குத் துணை செய்து வருகின்றனர். நாம் மேலே கூறிய ஏக்கர்க் கணக்கெல்லாம் இவ்வகை உழைப்பின் பயனேயாம்.

இவ்வேலை விளையாட்டன்று என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். எல் ரொசாரியோ என்னும் இடத்துக் காப்புக்காட்டை நடத்தி வந்த ஹொமேரோ கோமெஸ் கொன்சாலெஸ் என்பவர் மரவெட்டிகளின் குடும்பத்திற் பிறந்தவர். தாமும் அத்தொழில் செய்தவர். பின்னர் மனந்திரும்பி, காட்டைக் காப்பதே தம் ஊர்க்குப் பிழைப்பென்று ஊராரைத் தெளிவித்து, வெட்டிய இடத்தில் மரக்கன்று நட்டார். 2020-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் தேதி அவர் காணாமற் போனார். அம்மாத இறுதியில் ஒரு குட்டையில் அவர் உடல் கண்டெடுக்கப்பட்டது. கள்ளத்தனமாய் மரம் வெட்டுவாரை எதிர்த்தவர் அவர். ஆகவே மெக்ஸிகோ மலையினின்று வரும் மரத்தை வாங்கும் வர்த்தகன் எவனும், அது வெட்டப்பட்ட இடம் யாது என்று கேட்டு வாங்குதல் கடமையாகும். கேளாது வாங்கும் பொருளின் மலிவுக்கு வேறொருவன் எங்கோ விலை கொடுக்கின்றான்.

இனி ஆட்சேபங்கள். கம்பெனியின் தொழில் லாபம். பூச்சியைக் காப்பது அரசாங்கத்தின் தொழில் என்பர் சிலர். கம்பி இழுக்கவும் பாதையிடவும் கம்பெனி நிலம் பெற்றது எங்ஙனம்? பொதுநன்மையின் பெயரால், அரசாங்கத்தின் அனுமதியோடு அன்றோ? பொதுநன்மையின் பெயராற் பெற்ற நிலத்தைப் பொதுநன்மைக்கு ஏற்பப் பேணுதல் நியாயமே. அந்நிலத்துக்கு அவர் உடையவர் என்பதினும் உக்கிராணக்காரர் என்பதே பொருந்தும். உக்கிராணக்காரன் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவன்.

சாலையோரத்தில் செடி வளர்த்தால் பூச்சிகள் வண்டியில் மோதிச் சாகுமே என்பது மற்றோர் ஆட்சேபம். இஃது உண்மையான கவலையே. அதனாலேதான், சாலையோரத்தினும் கம்பிவழி நிலத்தை முதலாவது தேர்தல் நலம். சாலையோரமாயின் பாதையை ஒட்டிய பகுதியை வெட்டிவைத்து, அதற்கு அப்பாலுள்ள சரிவைச் செடிகளுக்கு விடுதல் நலம்.

பூச்சியினால் என்ன பயன் என்பது மூன்றாம் ஆட்சேபம். மோனார்க் இன்றேல் பயிர் விளையாது என்று மிகைபடக் கூறுவார் உளர். அது சரியன்று, மகரந்தச் சேர்க்கையில் தேனீயின் பங்கே பெரிது. மோனார்க்குக்கு விட்ட ஓரம் தேனீக்கும் பிற உயிர்களுக்கும் உதவும் என்று கூறுதலே மெய். அதற்கு மேலும் பயன் கேட்பாரை நோக்கி நாம் சொல்வது: ஆண்டவர் படைத்த ஒரு பிரயாணம், மனிதன் படத்தில் வழி வரையுமுன்னரே நடந்து வந்த பிரயாணம், நம் காலத்தில் நின்றுபோயிற்று என்ற பெயர் நமக்கு வேண்டாம்.

கடல்கடந்த நாட்டுக் கதை நமக்கெதற்கு என்று எண்ண வேண்டாம். நம் நாட்டிலும் மோனார்க்கின் நெருங்கிய உறவினர் யாத்திரை செய்கின்றனர். நீல வரியன், கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் முதலிய இனங்கள், தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் மேற்குத் தொடர்ச்சி மலையினின்று கிழக்கே சமவெளிகளையும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளையும் நோக்கிக் கூட்டங்கூட்டமாய்ப் பறந்து, மழைக்குப் பின் மீளுகின்றன. இலங்கையிலும் இத்தகைய பெயர்ச்சி உண்டு. நாம் சிவனொளிபாதமலை என்பதைச் சிங்களர் சமனலகந்த, அதாவது வண்ணத்துப்பூச்சி மலை, என்பர். பூச்சிகள் அம்மலைக்கு யாத்திரை போகின்றன என்பது அவர்தம் பழைய நம்பிக்கை. நம் பூச்சிகளுக்கு வேண்டிய செடிகளும் பெருங்குறிஞ்சான், நன்னாரி போன்ற கொடிகளே. ஆண்பூச்சிகள் கிலுகிலுப்பையிலும் தேள்கொடுக்கிலும் மொய்த்து, தமக்கு வேண்டிய சத்தை அவற்றினின்று உறிஞ்சுகின்றன. இவையெல்லாம் தோட்டத்தையும் வரப்பையும் துப்புரவு செய்வோன் முதலிற் பிடுங்கி எறியும் செடிகள்!

நம் மலைகளில் தேயிலை, காப்பிக் கம்பெனிகளுக்கு ஓடைக்கரைகளும் பள்ளங்களும் காட்டுத் துண்டுகளும் உண்டு. சமவெளியில் ஆலைகளுக்குச் சுற்றுநிலம் உண்டு; உயர்கம்பிகளும் இருப்புப்பாதைகளும் மலைக்கும் வெளிக்கும் இடையே ஓடுகின்றன. வால்பாறை மலையில் இயற்கைப் பாதுகாப்பாளர் சிலர் தோட்டக் கம்பெனிகளின் இசைவு பெற்று, எஞ்சிய காட்டுத் துண்டுகளில் அவ்விடத்துக்குரிய மரங்களை நட்டு மீட்டு வருகின்றனர். இது செய்யக்கூடியதே என்பதற்கு அதுவே அத்தாட்சி. 2013-ஆம் ஆண்டின் இந்தியக் கம்பெனிச் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் முந்திய மூன்றாண்டுகளின் சராசரி லாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூகநலத்துக்குச் செலவிட வேண்டும். செடி கொடிகளையும் பிராணிகளையும் காத்தலும் அச்செலவில் அடங்கும். இவ்விரண்டு பங்கைக் கொடுத்துவிட்டோம், கடன் தீர்ந்தது என்று எந்தக் கம்பெனியும் எண்ணலாகாது. எஞ்சிய 98 பங்கை ஈட்டும் நிலத்தின் ஓரம் என்னாயிற்று என்பதே கேள்வி.

நம் கலாசாலையின் பழைய மாணவர் பலர் தோட்டங்களிலும், மின்சார இலாகாவிலும், ரயில்வேயிலும், ஆலைகளிலும் உத்தியோகம் வகிக்கின்றனர். அவர்களுக்கு நாம் செய்துகொள்ளும் விண்ணப்பம் பெரிதன்று. தங்கள் ஸ்தாபனத்தின் எல்லையோரத்தில் புல் எப்பொழுது வெட்டப்படுகின்றது, மருந்து எப்பொழுது தெளிக்கப்படுகின்றது, அந்நாளைக் குறிப்பவர் யார் என்று ஒருமுறை விசாரிப்பாராக. பெரும்பாலும் அந்நாள் வழக்கத்தாற் குறிக்கப்பட்டதாயிருக்கும். வழக்கத்தால் வந்ததை ஒரு கடிதத்தால் மாற்றலாம். இப்பொழுது பயிலும் மாணவரோ நம் வளாகத்தின் வேலியோரத்தில் தொடங்கலாம். 1992-ஆம் ஆண்டில் கன்ஸாஸ் சர்வகலாசாலையில் தொடங்கிய மோனார்க் வாட்ச் என்னும் சங்கத்தார், பள்ளிப் பிள்ளைகளையும் குடியானவர்களையும் கொண்டே பூச்சிகளுக்கு அடையாளச் சீட்டு ஒட்டி வந்தனர். நமக்கு ஒரு குறிப்புப் புத்தகமும், பருவமழைக்கு முன்னும் பின்னும் சில காலை வேளைகளும் போதும். வேலியோரத்து எருக்கைத் தோட்டக்காரர் இவ்வாண்டு வெட்டாதிருக்கும்படி கேட்டுக்கொள்வதும் ஒரு நல்ல தொடக்கமே. மோனார்க்கின் உறவாகிய வெந்தய வரியன் அவ்வெருக்கில் முட்டையிடுவதைப் பார்த்த மாணவன், நாளை ஒரு கம்பெனியின் மானேஜராகும்போது ஓரத்தை மறவான் என்று நம்புகின்றோம்.